மரீகேயின் முன்னோர்களும் என் ஓட்டனும்

மரீகே வந்து சேரும்வரை எங்கள் ஐந்தாம் வகுப்பில் தூரதேசம் என்றால் அது நான்தான். சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் மேட்டுத்தெரு ஒன்றின் முடிவில் இருந்த பள்ளிக்கூடம் அது. யானை பற்றிப் பாடம் வந்தால் ஆசிரியை என் பக்கம் திரும்புவார். தேயிலை, கறுவா, கடலாமை, எதுவானாலும் இதைப் பற்றிச் சொல்ல நம்மிடம் ஒருவர் இருக்கிறாரே என்று சிரிப்பார். நான் பிறந்தது இதே ஊர் ஆஸ்பத்திரியில். யானையைப் பார்த்தது சூரிச் மிருகக்காட்சிச்சாலையில், மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று. தேயிலை எங்கள் வீட்டுக்கு மட்டைப்பெட்டியில் வந்தது. ஆனாலும் நான் கூசாமல் எழுந்து நின்று பதில் சொல்லுவேன். இலங்கைக்குப் போயிருக்கிறாயா என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

இலையுதிர்கால விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கிய அன்று மரீகே தென்னாபிரிக்காவிலிருந்து வந்து இறங்கினாள். தகப்பனுக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளர் வேலை. வந்த அன்றே அவளுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அதன்மேல் நான் கோடை முழுவதும் கண் வைத்திருந்தேன். ஆசிரியை உலகப்படத்தை விரித்து ஆபிரிக்காவின் அடிநுனியைக் குச்சியால் தொட்டுக் காட்டினார். அதே படத்தில் கொஞ்சம் வலப்பக்கமாக, கொஞ்சம் மேலே என் தீவும் இருந்தது. குச்சி அந்தப் பக்கம் வரவில்லை.

மரீகேயின் பெரியப்பா தீக்கோழி வளர்க்கிறாராம். அவர்களுடைய பழைய வீட்டு வேலிக்கு வெளியே மான் வந்து நிற்குமாம். என் யானைகள் எல்லாம் ஒரு கிழமைக்குள் செல்லாக்காசாயின. அம்மா அடிக்கடி யாரையாவது பற்றி 'அவளுக்கு வயித்தெரிச்சல்' என்று சொல்லும்போது அதை மருந்து குடிக்கிற வருத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கிழமை எனக்கு அது என்ன வருத்தம் என்று விளங்கிவிட்டது.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. இடைவேளையில் என்னைத் தேடி வந்து, அவள் அம்மா கொடுத்துவிட்ட காய்ந்த இறைச்சித் துண்டில் பாதியை என் கையில் வைத்தாள். உப்பும் கொத்தமல்லியும் போட்டுக் காயவைத்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்து வாங்கித் தின்றேன். நன்றாக இருந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

நவம்பரில் ஆசிரியை வகுப்பின் ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குத் துணி காயப்போடும் கயிறு ஒன்றைக் கட்டினார். கதவுப்பக்கம் 1800 என்றும் ஜன்னல்பக்கம் 1900 என்றும் அட்டை தொங்கியது. இடையில் அவரே சில படங்களைத் துணிக் கிளிப்பால் கொழுவினார். நெப்போலியனின் படை, பஞ்சம் வந்த வருடம், சுவிஸ் அரசியலமைப்பு, ரைன் அருவிப் பக்கம் வந்த முதல் ரயில், கொத்தார்ட் சுரங்கம். ஆளுக்கு ஒரு கிளிப் கொடுத்தார். அந்த நூறு வருடத்தில் வாழ்ந்த எங்கள் முன்னோர் ஒருவரையாவது தேடிப் பிடித்து, பெயர், வருடம், முடிந்தால் படம் எல்லாம் ஓர் அட்டையில் வைத்து உரிய இடத்தில் கொழுவ வேண்டும். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு பெற்றோர் பார்க்க வருவார்கள். எப்படிச் செய்வது என்று காட்ட ஆசிரியை தன் முன்னோர் ஒருவரையே முதலில் கொழுவினார். அவர் ஒரு பாற்கட்டி வியாபாரி. கழுதையில் பாற்கட்டி ஏற்றி மலை தாண்டிப் போய் விற்றவராம். அந்தக் கழுதைக்குக்கூட ஒரு பெயர் இருந்தது.

மரீகேக்கு ஒரு கிளிப் எப்படிப் போதும்? அவளுடைய தகப்பனுக்கு முன்னோரைத் தேடுவதுதான் ஓய்வுநேர வேலை. எங்கள் வீடுகளில் ஆண்கள் சனிக்கிழமைகளில் சீட்டு விளையாடுவதுபோல அவர் தேவாலயப் பதிவுகளைத் துருவிக்கொண்டிருந்தார். அவர்கள் ஆபிரிக்கானர்கள். பழைய காலத்தில் ஒல்லாந்திலிருந்து கப்பலேறி ஆபிரிக்காவின் நுனியில் இறங்கித் தோட்டம் செய்தவர்களின் வழிவந்தவர்கள் என்று ஆசிரியை விளக்கினார். மரீகே கொண்டுவந்த வம்சாவளிப் படத்தை இரண்டு பேர் பிடித்து விரிக்க வேண்டியிருந்தது, எங்கள் வீட்டுக் கட்டில் விரிப்பு அளவு. அதில் பெட்டிகள், பெட்டிகளிலிருந்து கோடுகள், கோடுகளின் முடிவில் மறுபடி பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், எதனால் இறந்தார் என்பதும்.

அவள் ஒவ்வொருவராகக் கொழுவத் தொடங்கினாள். ஒருவர் ஆங்கிலேயர் வந்து நன்னம்பிக்கை முனையைப் பிடித்ததைக் கண்ணால் கண்டவர். இன்னொருவர் அந்த ஆட்சி பிடிக்காமல் வீட்டை விட்டு, மாட்டுவண்டிகளில் பெண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வடக்கே மலை தாண்டிப் போனவர். வரலாற்றுப் புத்தகத்திலேயே இருக்கிற பெரும் பயணமாம் அது. அந்தப் பயணத்தில் வண்டிக்கு அடியில் ஒரு பெண்குழந்தை பிறந்தது, அதுவும் இவளுக்குப் பாட்டி முறை. அடிமைகளை விடுதலை செய்த சட்டமும் அவர்களுடைய கோபத்துக்கு ஒரு காரணம் என்று பல வருடம் கழித்து நான் வாசித்தேன். கயிற்றில் அதைக் கொழுவ யாரும் கிளிப் எடுக்கவில்லை.

வண்டியின் படம் ஒன்றும் இருந்தது. முன்னால் மாடுகளின் வாரைப் பிடித்தபடி ஒரு கறுத்த மனிதர் வெறுங்காலோடு நடந்தார். இவர் யார் என்று கேட்டேன். மரீகே உற்றுப் பார்த்துவிட்டு, தெரியாது, மாடு பிடிக்கிறவர் என்றாள். கட்டில் விரிப்பில் அவருக்குப் பெட்டி இல்லை. அந்தக் கயிறு முழுவதிலும் எனக்குப் பொறாமை வராத ஒரே ஆள் அவர்தான்.

வீட்டுக்கு வந்து புத்தகப்பையைக் கழற்றமுன்பே அம்மாவைப் பிடித்தேன். எங்கள் முன்னோர் எங்கே? அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொல்லத் தொடங்கினாள். தன் பூட்டன் ஒருவர் இருந்தாராம். புகையிலைத் தோட்டக்காரர். ஒரு கால் சற்று இழுத்து நடப்பார். நாம்பன் மாடு இடித்தது. பழஞ்சோற்றுக்குச் சுட்ட கருவாடு இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு கிணற்றடியில் போய் இருந்துவிடுவார். கொள்ளைநோய் வந்த வருடம் ஊரே பயந்து ஓட, அவர் மட்டும் செத்தவர்களைத் தூக்கினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கொள்ளைநோய்! மரீகேயிடம்கூடக் கொள்ளைநோய் இல்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு பெயரைக் கேட்டேன்.

"பேரோ?" அம்மாவின் கத்தி நின்றது. "பூட்டன் எண்டுதான் சொல்லுறது."

"அவற்ற பேர் என்னம்மா?"

"பெரியாக்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதோ? அப்புவின்ர அப்பு எண்டுவம். ஊராக்கள் கிணத்தடியார் எண்டு சொல்லுவினம். பேரை ஆர் கேட்டது?"

எங்கள் ஆட்களின் விசேஷம் இது. ஒரு மனிதருக்கு வயது ஏற ஏற மரியாதை ஏறும், மரியாதை ஏற ஏறப் பெயர் தேயும். மனைவி சொல்லமாட்டாள், பிள்ளைகள் சொன்னால் வாயில் அடி விழும், பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. அம்மாவின் பூட்டன் எனக்கு ஓட்டன், அதாவது என் பூட்டனின் தகப்பன். அவருக்கு நொண்டுகிற கால் இருந்தது, கருவாட்டு ஆசை இருந்தது, துணிச்சல் இருந்தது. பெயரும் வருடமும்தான் இல்லை. அவை இரண்டும் இல்லாமல் ஆசிரியையின் கயிற்றில் இடமில்லை. பாற்கட்டிக் கழுதைக்குப் பெயர் இருக்கிறது, என் ஓட்டனுக்கு இல்லை. நான் பென்சிலை எறிந்துவிட்டு அழுதேன்.

அப்பா ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். அன்று பின்னேரம் அவர் வந்ததும் அவரையும் கேட்டேன். அப்பா அதிகம் பேசாதவர்.

"தோட்டம் செய்தவை எண்டு எழுது பிள்ளை."

"படம்?"

"படமெல்லாம் வீட்டோட போயிட்டுது" என்றார். பிறகு தொலைக்காட்சியில் காலநிலை பார்க்கத் தொடங்கினார். எனக்கு அவர்மேல் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. கடவுச்சீட்டுக்குப் பதிலாகச் சுவிஸ் அரசு அவருக்குத் தந்திருந்த பயணப் புத்தகத்தில், இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று எழுதியிருக்கும். உலகத்தில் இத்தனை நாடுகள் இருக்க, வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாவற்றையும் வாங்கி வந்த மனிதர் என்றுதான் நான் அவரைப் பற்றி நினைத்திருந்தேன். இப்போது முன்னோர்களையும் கவனமில்லாமல் தொலைத்துவிட்டு வந்திருக்கிறார்.

என் கண்ணீரைத் துடைத்தவர் மாமா. அம்மாவின் தம்பி. சூரிச்சில் ஓர் உணவகக் குசினியில் வேலை செய்தார். லீவு நாளில் லாங்ஸ்ட்ராஸப் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காயும் மீனும் வாங்கிக்கொண்டு எங்களிடம் வருவார். மாமாவிடம் எந்தப் பிரச்சினைக்கும் ஒரு வழி இருக்கும். அந்த வழி கொஞ்சத்தூரம் போய் எங்கே முடியும் என்பது வேறு கதை.

"ஓட்டன் இல்லையோ? ஆர் சொன்னது? இரு, கனடாவில இருக்கிற பெரியம்மா வீட்டில ஒரு படம் கிடக்கு. நான் எடுப்பிக்கிறன். அம்மாவுக்குச் சொல்லிப் போடாத, சப்ரைஸ்."

அடுத்த முறை வரும்போது ஒரு கடித உறையில் படம் வந்தது. பழுப்பேறிய தாளில் ஒரு பெரிய மனிதர். தலைப்பாகை, முறுக்கிய மீசை, காதில் கடுக்கன், தோளில் சால்வை, விரல் விரலாக மோதிரம். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. பெயர் வேலாயுத உடையார் என்றும், ஆங்கிலேயர் காலத்தில் நாலு ஊருக்குத் தலைவர் என்றும், அவர் குதிரையில் வந்தால் கவர்னரே இறங்கி நிற்பார் என்றும் மாமா சொன்னார். வருடம் கேட்டேன். கூரையைப் பார்த்துவிட்டு 1850 என்றார். தாளில் லேசாகத் தேத்தண்ணி வாசம் அடித்தது. இலங்கைப் படம் அப்படித்தான் மணக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் வேலாயுத உடையார் கயிற்றின் நடுவில், சுவிஸ் அரசியலமைப்புக்குப் பக்கத்தில் ஏறினார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். இத்தனை மோதிரத்தோடு எப்படிக் குதிரை வாரைப் பிடிப்பார் என்று ஒருவன் கேட்டான். ஆசிரியை மூக்கைச் சற்றுக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, அருமையான படம் என்றார். மரீகே என் கையைக் கோர்த்துக்கொண்டு, உன் தாத்தா அரசன்போல் இருக்கிறார் என்றாள். என் நெஞ்சுக்குள் ஒரு மாதமாக எரிந்தது ஒரே நாளில் அணைந்தது. அவளை எனக்குப் பிடித்துக்கூடப் போனது.

அது மதிய மணி அடிக்கும்வரைதான். பின்னேர வகுப்பில் மரீகே தன் கடைசி அட்டையைக் கொண்டுவந்தாள். 1900 என்ற அட்டைக்குக் கீழே, கயிற்றின் கடைசி நுனியில் அதைக் கொழுவினாள். ஒரு புகைப்படம். மலைகள், தகரக்கூரை போட்ட நீண்ட கொட்டகைகள், முள்ளுக்கம்பி வேலி. வேலிக்குள் தாடியும் தொப்பியுமாக ஆண்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் நிற்பவர் அவளுடைய தகப்பனின் பூட்டன். ஆங்கிலேயருக்கும் ஆபிரிக்கானர்களுக்கும் பெரிய போர் நடந்தபோது பிடிபட்டவர். அப்படிப் பிடிபட்டவர்களை ஆங்கிலேயர் கப்பலில் ஏற்றித் தூரத்துத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். இவரை அனுப்பிய இடத்தின் பெயரை மரீகே வாய் நிறையச் சொன்னாள்.

"சிலோன். தியத்தலாவ."

ஆசிரியை கைகளைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு இந்த இடம் தெரியுமா?"

தெரியாது. அந்தப் பெயரையே நான் முதல்முறையாகக் கேட்கிறேன். அதோடு விட்டாளா? கைதியாக இருந்தபோது அவர் செதுக்கிய மரப்பெட்டி ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். மூடியில் பூவும் கொடியும், நடுவில் சிலோன் என்ற எழுத்தும். பெட்டிக்குள் வண்ணப் படங்கள் இருந்தன. போன வருடம் அவர்கள் குடும்பமாக அந்த முகாம் இருந்த இடத்தைப் பார்க்கப் போனார்களாம். இலங்கையில் உள்நாட்டுச் சண்டை சற்று ஓய்ந்திருந்த காலம் அது. மரீகே ரயில் வாசலில் நின்று கையசைக்கிறாள். மரீகே கித்துள் பனைப் பாகை விரலால் நக்குகிறாள். மரீகேயும் ஒரு யானையும்.

என் நாடு அது. எனக்கென்று அந்த வகுப்பில் இருந்தது அது ஒன்றுதான். அங்கே எனக்கு முன்னால் அவள் போய் வந்துவிட்டாள். அவளுடைய தகப்பனின் பூட்டன் நூறு வருடத்துக்கு முன்னமே போய் அங்கே மரத்தை வெட்டிப் பெட்டியும் செய்துவிட்டார். அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி என்னிடம்தான் முதலில் நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நடு வகுப்பில் அவளுடைய சடையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது.

பெற்றோர் வந்த மாலை அம்மாவுக்கு அலுவலகம் ஒன்றில் துப்புரவு வேலை. அப்பாதான் வந்தார். கோயிலுக்குப் போடுகிற நீலச் சட்டை போட்டிருந்தார். நான் அவரை நேரே உடையாரிடம் கூட்டிப்போனேன். அப்பா குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி உடையாரைப் பார்த்தார்.

"இது ஆர் தந்தது?"

"மாமா."

"ம்" என்றார். கயிற்றோடு மெதுவாக நடந்து ஜன்னல்பக்கம் போனார். கடைசிப் படத்தின் முன்னால் நின்றவர் அசையவில்லை. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் அந்தக் கொட்டகைகளையும் பின்னால் இருந்த மலையையும் பார்த்துக்கொண்டே நின்றார். தன் பூட்டனை ஒருவர் இவ்வளவு கருத்தாகப் பார்ப்பதைக் கண்டு மரீகேயின் தகப்பன் பெட்டியோடு வந்துவிட்டார். ஆள் கதவளவு உயரம், நல்ல மனிதர். இருவருக்கும் ஜெர்மன் மட்டுமட்டு. அதனால் மெதுவாகப் பேசினார்கள்.

அப்பா பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செதுக்கின பள்ளங்களில் பெருவிரலை ஓட்டினார். பிறகு கேட்டார். "கத்தி யார் கொடுத்தது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. போரைப் பற்றிக் கேட்கலாம், கப்பலைப் பற்றிக் கேட்கலாம். கத்தி! மரீகேயின் தகப்பனும் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. காவலாளிகள் கொடுத்திருப்பார்கள், அவ்வளவு மோசமாக நடத்தவில்லை, கைதிகள் பாட்டுப் பாடினார்கள், கிரிக்கெட்கூட விளையாடினார்கள் என்றார்.

"வீட்டுக்குப் போக விட்டார்களா?"

"போர் முடிந்ததும் விட்டார்கள். ஆனால் இங்கிலாந்து அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். எங்கள் ஆள் முடியாது என்று கனகாலம் நின்றார்." மரீகேயின் தகப்பனுக்கு இன்னும் ஒரு பிடி உயரம் கூடியது.

"பிறகு வைத்தாரா?"

"வைத்தார்." சற்றுத் தயங்கினார். "வீட்டில் மனைவி பிள்ளைகள் இருந்தார்களே."

அப்பா தலையாட்டினார். பெட்டியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் இன்னொரு தமிழ்ப் பையன் கீழ்வகுப்பில் படித்தான். அவனுடைய அம்மா கயிற்றைப் பார்த்துக்கொண்டு வந்தவர் உடையாரிடம் வந்ததும் வாயில் கையை வைத்தார்.

"ஐயோ, இது எங்கட நகைக்கடைக் கலண்டர் முதலாளி அல்லோ! கடையைத் துவக்கினவர். எங்கட குசினிக்கையும் தொங்குறார். ஏன் தம்பி இவரை இஞ்ச கொழுவியிருக்கு?"

எங்கள் வீட்டில் தொங்கியது கோயில் கலண்டர். மற்றத் தமிழ் வீடுகளில் எல்லாம் அந்த நகைக்கடைக் கலண்டர்தான் என்பதை மாமா யோசிக்கவில்லை. வெள்ளைக்காரரை ஏமாற்றப் போட்ட திட்டத்தில் எங்கள் ஆட்களே வந்து பார்ப்பார்கள் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. படத்தை நிழற்பிரதி எடுத்துத் தேத்தண்ணியில் தோய்த்துக் காயவைத்ததைப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த அம்மா தமிழில் சொன்னதால் வேறு யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் அப்பா கிளிப்பை அழுத்தி உடையாரைக் கழற்றினார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஆசிரியையிடம் போய், மன்னிக்கவும், இவர் வேறு ஆள் என்றார். சிரிக்கவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. கிளிப் மட்டும் கயிற்றில் மிஞ்சியது. மரீகே அதைப் பார்த்தாள். அவள் முகம் வாடியது. எனக்காக இரக்கப்பட்டாள். பொறாமையைக்கூடத் தாங்கியிருந்தேன், அவளுடைய இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். மூக்கு ஒழுகியது. அப்பா பையிலிருந்து கைக்குட்டை எடுத்துத் தந்தார்.

"மாமாவோட சண்டை பிடிக்காத. பாவம், உன்னில விருப்பத்திலதான் செய்தவன்."

நான் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினேன்.

"அந்த மலைப் படம் இருந்துதெல்லே" என்றார் அப்பா, தெருவைப் பார்த்துக்கொண்டு. "நானும் அந்தப் பக்கம் இருந்தனான்."

நான் சட்டென்று திரும்பினேன். "நீங்களோ? எப்ப?"

"நீ பிறக்க முந்தி. இஞ்ச வர முந்தி."

"போனனீங்களோ?"

"கொண்டுபோனவங்கள்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. மரீகேயின் படத்தில் இருந்தது ஒவ்வொன்றையும் நினைவுக்குக் கொண்டுவந்து கேட்கத் தொடங்கினேன்.

"குளிரோ?"

"சரியான குளிர்."

"தகரக் கூரையோ?"

"ஓம்."

"கம்பி வேலி?"

"இருந்தது."

"எவ்வளவு நாள் நிண்டனீங்கள்?"

"கனமாசம்."

"காசு குடுத்தோ?"

அப்பா முதல்தரம் சிரித்தார். "இல்லை. சும்மாதான். சாப்பாடும் அவங்கள்தான்."

மரீகே குடும்பம் அந்த ஊரில் இரண்டே இரவுகள் நின்றது, அதுவும் ஹோட்டலுக்குக் காசு கட்டி. என் மனம் துள்ளியது. "பெட்டி செய்தனீங்களோ?"

"எங்களுக்குக் கத்தி தரமாட்டாங்கள்."

"கையெழுத்து வச்சனீங்களோ, அந்தத் தாத்தா மாதிரி?"

"வச்சனான்."

"என்ன எழுதியிருந்தது?"

"எனக்கு வாசிக்கத் தெரியாத பாசை."

வாசித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வைக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அதை அப்பாவிடம் சொன்னேன். "ஓம், அது நல்ல பழக்கம்" என்றார்.

இனிக் கேட்க வேண்டியது ஒன்றுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அப்பா, படம்? அங்க உங்களைப் படம் எடுக்கேல்லையோ?"

"எடுத்தவங்கள். முன்னுக்கு ஒண்டு, பக்கப்பாடா ஒண்டு."

"ரெண்டோ!"

"ம். ஒரு பலகை தந்து நெஞ்சுக்கு நேர பிடிக்கச் சொன்னவங்கள். அதில பேரும் தேதியும் எழுதியிருந்தது."

பெயர். தேதி. படம். ஆசிரியை கேட்ட மூன்றும். அதுவும் இரண்டு கோணத்தில்! இத்தனை நாள் இதை வாய்க்குள் வைத்துக்கொண்டு காலநிலை பார்த்திருக்கிறார் மனிதர். "அந்தப் படம் எங்க?" என்று கத்தினேன்.

"எங்களுக்குத் தரேல்லை."

"நீங்கள் கேட்டிருக்க வேணும்!"

"ஓம்" என்றார் அப்பா. "கேட்டிருக்கலாம்." பஸ் வந்தது. அவர் எனக்கு ஜன்னலோரத்தை விட்டுத் தந்துவிட்டு, வீடு வரும்வரை உச்சந்தலையில் கையை வைத்திருந்தார். இப்படிக் கவனமில்லாத அப்பா எனக்கு வாய்த்தாரே என்று ஒரு பக்கம் கோபம், மறுபக்கம் விடிந்தால் போதும் என்ற அவசரம்.

மறுநாள் காலை மணி அடிக்கமுன்பே மரீகேயைக் கயிற்றடியில் பிடித்துவிட்டேன். என் அப்பாவும் அந்த மலையில் இருந்திருக்கிறார் என்றேன். உன் அப்பாவின் பூட்டனா என்று கேட்டாள். இல்லை, அப்பாவேதான், நேற்று நீலச் சட்டையில் வந்தாரே அவர் என்றேன். அவளுடைய வாய் திறந்தது. கம்பி வேலிக்குள்ளா? வேலிக்குள்தான். உண்மையான கைதியாகவா? நான் அந்தச் சொல்லை அதுவரை யோசிக்கவில்லை. ஆனால் அந்தப் பூட்டனுக்கு அது பொருந்தினால் என் அப்பாவுக்கும் பொருந்தட்டுமே என்று, ஓம் என்றேன். கனமாதம், காசில்லாமல், சாப்பாட்டோடு. இரண்டு படங்கள் எடுத்தார்கள், முன்னுக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, பெயர்ப்பலகையும் பிடித்தபடி.

மரீகே அந்தப் பூட்டனை அண்ணாந்து பார்த்தாள். நடுவில் தாடியோடு நிற்கிற அந்தச் சிறிய முகத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உன்னுடையவர் உயிரோடு இருக்கிறார்" என்றாள். "உனக்கு வேண்டியதை அவரிடமே கேட்கலாம். இது நியாயமில்லை."

அவளுடைய கன்னம் சிவந்திருந்தது. கீழுதடு வெளியே வந்திருந்தது. பொறாமையை நான் அடையாளம் கண்டுகொள்ளாமல் வேறு யார் கண்டுகொள்வது? அவள் வந்த நாளிலிருந்து நான் காத்திருந்தது அந்த ஒரு முகத்துக்காகத்தான்.

திரும்பிப் பார்த்தால் ஆசிரியை எங்களுக்குப் பின்னால் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கையில் இருந்த புத்தகங்களை மேசையில் வைக்கவும் மறந்து, என்னையே பார்த்தபடி நின்றார். அவருடைய கன்னமும் சிவந்திருந்தது. உதடு இறுகியிருந்தது. பிறகு என் வெற்றுக் கிளிப்பைத் தொட்டார், ஆனால் கழற்றவில்லை. பாவம், அவரிடம் இருந்தது ஒரு பாற்கட்டி வியாபாரி மட்டும்தானே, அவருக்கும் என்மேல் பொறாமை வராமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.